நிறுவியவர், ஆண்டு

காலை வெயில் அச்சகத்தின் ஜன்னல் வழியாகக் கணினித் திரையில் விழுகிறது. பள்ளிப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் அதில் இருக்கிறது: மதங்கள், நிறுவியவர், தோன்றிய ஆண்டு என்று ஓர் அட்டவணை. இந்து மதத்துக்கு எதிரே மட்டும் இரண்டு கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. பாடத்தை எழுதிய ஆசிரியை கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வடிவமைப்பாளரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். "ஏதாவது ஒரு பேரு சொல்லுங்கக்கா, மெஷின் சும்மா நிக்குது." "யாரைத் தம்பி சொல்றது? எழுதி வைக்காம வாயாலயே எத்தனையோ தலைமுறை வேதப் பாட்டைக் காப்பாத்தியிருக்காங்க. அதுக்கும் முன்னாடி, சிந்து சமவெளியில மண்ணுக்குள்ள கிடைச்ச முத்திரையில ஒருத்தர் கால் மடக்கி உட்கார்ந்திருக்கார்; சாமியா, மனுஷனான்னே தெரியல. மரத்தைக் கும்பிட்டவங்க, நெருப்பைக் கும்பிட்டவங்க, எல்லாரும் வந்து கலந்தது இது." வடிவமைப்பாளர் தலையைச் சொறிகிறார். "கட்டம் கட்டைவிரல் அகலம்தானேக்கா இருக்கு." "அப்போ காலியா விட்டுடுங்க." கண்ணாடித் தடுப்புக்கு மேலே பதிப்பாளரின் தலை தெரிகிறது. "காலியா விட்டா அச்சுப்பிழைம்பாங்கம்மா. முனிவர்கள்னு போடுப்பா. வருஷம் கி.மு. ஆயிரத்து ஐந்நூறு." ஆசிரியை வாயைத் திறக்கிறார், அதற்குள் விசைகள் தட்டப்பட்டுவிடுகின்றன. சற்று நேரத்தில் உள்ளே இயந்திரம் உறுமுகிறது, காலடியில் தரை அதிர்கிறது. நாற்பதாயிரம் பிரதிகள். மை காயாத முதல் தாளை வடிவமைப்பாளர் ஆசிரியையின் கையில் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் நகர்கிறார். கட்டங்கள் நிறைந்து, பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கிறது. அடியில், பாடம் எழுதியவர் என்ற இடத்தில், ஆசிரியையின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் அச்சாகியிருக்கிறது.