யார் பூட்டிய கதவு

சத்தியமாகச் சொல்கிறேன். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் மிச்சமிருக்கிற என் மூன்று பல்லும் இப்போதே உதிரட்டும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த வரலாற்று வாத்தியார், எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி, கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"இன்னிக்குப் பாடம், நம்ம ஊர் மில் எரிஞ்ச கதை. வாட்ச்மேன் பேசறதை நீ படிம்மா."

வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்ணுக்கு ஊர் வைத்த பெயரே 'பூட்டு'. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கப்போய், ஒன்பது பேரை எரியவிட்டதாக ஊர் தூற்றுகிற வாட்ச்மேன், அவள் தாத்தா.

பின்பெஞ்சில் பாடத்தைப் பார்வையிட வந்திருந்த பயிற்சி மேடத்துக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளின் வீட்டையும் ஊரின் பழங்கதையையும் பாடத்துக்குள் கொண்டுவாருங்கள் என்று புது ஆசிரியர்களுக்கு ஒரு மாதமாக ஓதியவர் அவர்தான். அதற்காக இப்படியா?

பக்கத்திலிருந்த தலைமையாசிரியை எழுந்தேவிட்டார்.

"நிறுத்துங்க சார். இந்தப் பாடமே வேண்டாம்னு மூணு தடவை சொன்னேன். பச்சப்புள்ள மனசு என்ன பாடுபடும்? நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

வாத்தியார் பதில் சொல்வதற்குள் பூட்டு முந்திக்கொண்டாள்.

"நான்தான் கேட்டு வாங்கினேன் டீச்சர்."

படித்தாள். அது விசாரணையில் வாட்ச்மேன் சொன்ன வாக்குமூலம். ஆட்கள் சீக்கிரம் கிளம்பிவிடக் கூடாதென்று கதவைப் பூட்டியது மேனேஜர். சாவி அவர் சட்டைப்பையில். வாட்ச்மேன் பின்சுவரைக் கடப்பாரையால் இடித்து, பதினொரு பேரை வெளியே இழுத்திருக்கிறார். இரண்டு கையும் வெந்துபோனதால் அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை என்று அடியில் எழுதியிருந்தது.

பயிற்சி மேடம் கேட்டார். "யாரும்மா அந்த மேனேஜர்?"

அவள் தாளை நாலாக மடித்தாள்.

"பேர் இருக்கு மேடம். ஆனா வேண்டாம். அவர் குடும்பம் இன்னும் இந்த ஊர்லதான் இருக்கு. அப்புறம் அவங்களுக்கும் ஒரு பட்டப்பேர் வெச்சிடுவாங்க."

அந்த மேனேஜருக்கு ஒரே மகள். பதினெட்டு வருஷமாக அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை.

சரி, தாள் வாத்தியார் கைக்கு எப்படிப் போனதென்று யாராவது கேட்டால், கோர்ட்டு ரிக்கார்டு ரூமில் முப்பது வருஷம் தூசி தட்டிய பொக்கைவாய்க் கிழவன் யாரையும் உங்களுக்குத் தெரியவே தெரியாது.