குச்சிக்கு வைத்த பேர்

வேலையை விட்டுப் போகிற நாளில் ஒரு மனுஷனை இப்படியா கேவலப்படுத்துவாள்? ஜஹீதாவுக்கு ஹம்சினி மேல் அப்படி ஒரு கோபம்.

பாண்டி பஜாரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது அந்தக் கம்பெனி. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேம் செய்துகொண்டிருந்தார்கள். வீரன் ஒருவன் காடு, குகை, கோட்டை என்று சண்டை போட்டுக்கொண்டே போகிற ஆட்டம். அதில் வரும் ஆயுதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வேண்டும். பேர் வைக்கிற பொறுப்பு, படம் வரையும் ஹம்சினிக்கு.

முதலில் காண்டீபம், கோதண்டம் என்றுதான் ஆரம்பித்தாள். முதலாளி அச்யுத் ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமி சமாசாரத்தை எல்லாம் விளையாட்டுல கொண்டுவராதம்மா. வேற வை."

"அப்ப நம்ம ஆபீஸ்ல இருக்கறவா பேரையே வெச்சுடட்டுமா சார்?"

"அதுவும் நல்லாத்தான் இருக்கு. பெரிய வாளுக்கு மட்டும் யார் பேருன்னு யோசிச்சு வை."

வேறு யார் பேரை வைப்பாள், பாவம்.

ஆயுத பூஜை அன்று பேர்சூட்டு விழா. கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம். எல்லோரும் பொரி கடலையைக் கொறித்துக்கொண்டு நிற்க, ஹம்சினி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பெரிய வாள், அச்யுத். ஈட்டி, ஜஹீதா. கதாயுதம், இசக்கியம்மாள்."

டீ வாங்கி வருகிற இசக்கியம்மாள் வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியா, மரக்குச்சி. கிச்சா."

ஆபீஸே சிரித்தது. ஆட்டத்திலேயே உதவாக்கரை ஆயுதம் அந்தக் குச்சிதான். எலியைக்கூட அதனால் ஒழுங்காக அடிக்க முடியாது. வேறு எது கிடைத்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கிச்சா சிரிக்கவில்லை. ஆட்டத்தில் பாதிக்கு மேல் புரோகிராம் எழுதியவன் அவன். ஸ்ரீரங்கத்தில் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அன்றோடு வேலையை விடுகிறான்.

போன வாரம்தான் எல்லார் எதிரிலும் அச்யுத்திடம் கெஞ்சியிருந்தான்.

"சார், ஆட்டம் முடிஞ்சதும் எல்லார் பேரும் ஓடுமே, அதுல என் பேரும் வரணும் சார். பக்கத்தாத்துல கம்ப்யூட்டர் இருக்கு. அப்பாவை நாற்காலியோட தூக்கிண்டு போய்க் காட்டிடுவேன். ரொம்ப நேரம் உக்கார முடியாது அவரால. ஆனா பிள்ளை என்ன வேலை பாத்தான்னு ஒரு தடவையாவது தெரியணும்."

"கேம் வெளிய வர்ற அன்னிக்கு யார் வேலையில இருக்காங்களோ அவங்க பேர்தான் வரும் கிச்சா. ரூல்னா ரூல்."

அந்தக் காயமே ஆறவில்லை. அதற்குள் இது.

"குச்சிக்குக் கிச்சா. பிரமாதம்மா" என்று அச்யுத் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இதை மட்டும் யாரும் மாத்தக் கூடாது, சொல்லிட்டேன்."

கிச்சா பொரியை அப்படியே மேஜையில் வைத்தான். பையை எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டான்.

"திருப்திதானே உனக்கு?" என்றாள் ஜஹீதா. "போய் அந்தப் பேரை மாத்து முதல்ல."

"பூஜை போட்ட மெஷினை இன்னிக்குத் தொடக் கூடாது."

"நெஞ்சுல ஈரமே இல்லையாடி உனக்கு?"

ஹம்சினி, கிச்சா விட்டுப்போன பொரியை ஒரு கவரில் கட்டிக்கொண்டு கீழே ஓடினாள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன் ஹம்சினி?"

"சொல்றேன். சாரோட வாள் எங்க கிடைக்கும்?"

"கோட்டைக்குள்ள. கடைசிக் கட்டத்துல."

"சார் அங்க போயிருக்காரா?"

"அவரா? குகையிலேயே செத்துப்போவார்." கோபத்திலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எல்லார் பேரும் எப்ப ஓடும்?"

"கோட்டையைப் பிடிச்சப்புறம்."

"அதைப் பிடிக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"நல்லா ஆடறவனுக்கே ஒரு மாசம் ஆகும்."

"சரி. குச்சியைக் கையில எடுக்காம ஆட்டத்தை ஆரம்பிக்க முடியுமா?"

"முடியாது. கதவே திறக்காது. 'இதை எடுத்துக்கொள்'னு பேரோட பெரிசா வரும். எடுத்தாத்தான்..."

கிச்சா பாதியில் நிறுத்திவிட்டான். அவன் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. ஏறத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹம்சினி பொரிக் கவரை அவன் கையில் வைத்தாள்.

"சீடி வந்ததும் உனக்குத்தான் முதல்ல அனுப்புவேன். அப்பாவால ரொம்ப நேரம் உக்கார முடியாதுன்னு சொன்னியே, அதான் முதல் நிமிஷத்துலயே வெச்சேன்."