மடித்த சட்டை

நடிகர் ஆதிமூலம் இல்லாமலே அவரைப்போல நடிக்கப்போகும் கணினி நகலைப் பழக்க அவருடைய முப்பத்திரண்டு படங்களும் வேண்டும். அதை உருவாக்கும் நிறுவனத்திலிருந்து நிலோபர் ஒப்பந்தத்தோடு வந்திருந்தாள். ஆதிமூலம் அதிலிருந்த பட்டியலில் ஒரு படத்தை மட்டும் பேனாவால் அடித்தார்.

“ஓடாத படம்னு வெட்கமா சார்?”

“மகன் செத்த சீன்ல கதறி அழச் சொன்னாங்க. நான் அவன் சட்டையை மடிச்சு வெச்சேன். தியேட்டரே சிரிச்சுது. ஆறு வருஷம் வேலையில்ல.”

“இன்னைக்கு எல்லாரும் அப்படித்தானே நடிக்கிறாங்க! அந்தப் படம் இல்லாம ஒப்பந்தம் இல்ல சார்.”

“அப்ப வேணாம்மா. மத்ததுல கேட்டதைச் செஞ்சேன். அது நானாச் செஞ்சது.”

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். நிலோபர் அதுவரை அவரைப் பதிவுசெய்துகொண்டிருந்த கைபேசியை அணைத்தாள்.

“எனக்கு மட்டும் ஒருதடவை செஞ்சு காட்டுங்க சார்.”

ஆதிமூலம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.