ஆறடி அகலத் தடை

உஸ்மாவுக்குத் தருமபுரியில் வேலை. காவிரியின் ஓட்டத்தைக் கணினியில் போட்டு, செயற்கைக்கோள் அளந்த நீர்மட்டத்தோடு கணக்கு ஒத்துப்போகும்வரை சரிசெய்ய வேண்டும். எல்லா இடமும் ஒத்துவந்தது. பென்னாகரம் பக்கத்து வளைவில் மட்டும் செயற்கைக்கோள் ஒரு விரற்கடை அதிகம் காட்டியது.

"தண்ணிய ஏதோ மறிக்குதுங்க. ஒரு தடைய வச்சிப் பாருங்க" என்றார் கூட வேலை பார்க்கும் பூபதி.

ஆறடி அகலத்தில் வைத்ததும் கணக்கு அப்படியே பொருந்தியது. சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள்.

"அங்கதானே உங்க அத்தா நிப்பாரு" என்றாள் அஸ்கரி பேகம். "நீ நீச்சல் பழகறப்போ தண்ணி இழுத்துட்டுப் போயிடக் கூடாதுன்னு, கொஞ்சம் கீழ தள்ளி, ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு."

அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து மூன்று வருஷமாகிறது.

ஞாயிற்றுக்கிழமை உஸ்மா தன் மகள் அல்மாஸை நீச்சல் பழக்கக் கூட்டிப்போனாள். வளைவில் ஆழம் அதிகமென்று, மேலே மணல்திட்டோரம் இறங்கினார்கள். அந்த நேரத்தில்தான் செயற்கைக்கோளும் கடந்துபோனது.

புது அளவு வந்தபோது வளைவில் தண்ணீர் தேங்கவில்லை. மணல்திட்டோரம் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

உஸ்மா தடையை வளைவிலிருந்து எடுத்து, அல்மாஸ் நீந்திய இடத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தாள். கணக்குப் பொருந்தியது.