இருபதடி ஆழத்தில்

கோச்சடை வயற்கிணற்றின் அடியில் கிடந்த செப்புப் பெட்டியைக் கயிற்றால் இழுத்தெடுத்து, கல்லூரி வாத்தியார் லாசர் அதன் லென்சில் கண்ணை வைக்கிறார். வானத்திலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத கதிர் பட்டால் உள்ளே விரிந்திருக்கும் தங்க இழை தாழும். தாழ்ந்திருக்கிறது. மதிய வெயிலில் பெட்டி சொட்டுகிறது. முந்தாநாள் மகளின் குழியில் அள்ளிப்போட்ட மண், இத்தனை நீர் பட்டும் அவர் நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. சோற்றுத் தூக்கோடு பக்கத்தில் நிற்கிற மனைவி ஆரோக்கியம் கேட்கிறாள்: “அந்தக் கதிரு எம்புட்டு ஆழம் போயிருக்கு?” “இருபதடித் தண்ணியத் தாண்டியிருக்கு.” “மண்ணுக்குள்ள?” “அதுலயும் போகும்.” அவள் கிணற்றையே பார்க்கிறாள். “பாப்பாவுக்கு நாலடிதான தோண்டுனாக.” லாசர் கயிற்றை நெகிழ்த்துகிறார். பெட்டி மறுபடியும் இறங்குகிறது.