கொறற்றியின் ஏப்ரல் பதினெட்டு

கொறற்றியின் மனுசன் செத்த கதையை ஜேர்மன் மொழியில் நான்தான் சொல்லவேண்டி வந்தது.

ஹனோவரில் எங்கள் தமிழ்ப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் சனம் கட்லட்டும் தேத்தண்ணியுமாக நின்றது. அவளுடைய மனுசன் பென்ஜமினின் ஆண்டுப் பூசைச் சாப்பாடு. வருடா வருடம் ஏப்ரல் பதினெட்டில் கொறற்றி இதைச் செய்வாள். மீன் கட்லட் அவளே பொரிப்பது. நன்றாகத்தான் இருக்கும். அதுவும் எனக்கு எரிச்சல்.

பக்கத்துச் சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் யூலியா, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஜேர்மன் பெட்டை. போர் நடந்த இடத்துச் சனம் அரசியலையும் சமாதானத்தையும் பற்றி என்ன நினைக்கிறது என்று புத்தகம் எழுதுகிறாள். கொறற்றிக்கு ஜேர்மன் ஓடாது. முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் வேலை செய்கிற எனக்கு ஓடும்.

யூலியாவிடம் முதலில் என் கதையைத்தான் சொன்னேன். சண்டை முடிந்த அன்று என் மனுசன் ராசனை ஆமிக்காரர் பாலத்தடியில் பஸ்ஸில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

கண் கலங்கிக் கேட்டாள். கேட்டுவிட்டு, காணாமல் போனவர்களுக்குத் தனி அத்தியாயம், அது அடுத்த வருடம் என்றாள்.

போகட்டும், காத்திருக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பிறகு கொறற்றியின் முறை. மொழிபெயர்க்கிற ஆள் "அவள் சொல்கிறாள்" என்று சொல்லக்கூடாது என்றாள் யூலியா. "நான்" என்றே சொல்லவேண்டுமாம். பதிவுக்கு அதுதான் நல்லதாம்.

கொறற்றி சொல்லச் சொல்ல நான் சொன்னேன். செல் வந்து விழுந்து வெடித்தது. அவருடைய தலை என் மடியில் கிடந்தது. நான்தான் கண்ணை மூடிவிட்டேன். நாங்கள் பதுங்கியிருந்த பங்கர்க் குழிக்குள்ளேயே வைத்து மண் போட்டோம். என் செபமாலையையும் உள்ளே போட்டேன்.

சொல்லும்போது எனக்குள் ஒரு கள்ளச் சந்தோசம். அந்த ஐந்து நிமிடமும் கண்ணை மூடிவிட்டவள் நான்தானே.

கொடுத்துவைத்தவள் இந்தக் கொறற்றி. விதவையைப் பார்த்து யாராவது இப்படிச் சொல்வார்களா? நான் சொல்வேன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளுக்கு ஒரு திகதி இருக்கிறது. நவம்பரில் செத்தவர்களின் பெயர்களைச் சாமியார் வாசிக்கும்போது பென்ஜமின் என்று வரும். அவள் ஒரு பாட்டம் அழுவாள், மூக்கைத் துடைப்பாள், பிறகு எல்லாரோடும் சிரித்துக் கதைப்பாள். அலுவலகத்தில் அன்ரறாக் என்கிற விண்ணப்பப் படிவத்தில் விதவை என்ற கட்டத்தில் டக்கென்று புள்ளடி போடுவாள். நான் பேனையும் கையுமாக இருந்து யோசித்து, திருமணமானவர் என்று போடுவேன். அப்படியானால் மனுசன் எங்கே என்று கேட்பார்கள்.

ராசனின் பெயரை நான் எந்தப் பட்டியலில் கொடுப்பது? செத்தவர்களோடு சேர்த்தால் நான் பாவி. உயிரோடு இருப்பவர்களோடு சேர்த்தால் சனம் திரும்பிப் பார்த்து உச்சுக்கொட்டும். அவருக்கென்று ஒரு பூசை, ஒரே ஒரு பூசை ஒப்புக்கொடுக்க வழியில்லாமல் இருக்கிறேன்.

உங்களுக்குச் சமாதானம் என்றால் என்ன என்று யூலியா கடைசியாகக் கேட்டாள்.

ஆமி பிடித்த காணியை விடவேண்டும் என்றாள் கொறற்றி. எலெக்சனுக்கு எலெக்சன் வந்து கும்பிடுகிறவர்கள் எலெக்சன் இல்லாத நாளிலும் வரவேண்டும். கூட்டிக்கொண்டு போன ஆட்களுக்கு என்ன நடந்தது என்று வாய்திறந்து சொல்லவேண்டும். அடிப்பாவி, அதெல்லாம் நான் சொல்ல வைத்திருந்த பதில். பல்லைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

யூலியா பதிவுக் கருவியை நிறுத்திவிட்டுக் குனிந்து கொப்பியில் எழுதத் தொடங்கினாள். கொறற்றி என் பக்கம் திரும்பினாள்.

"நேசம், இதை அந்தப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை. என்ர மனுசனும் பஸ்ஸில ஏறினவர்தான். செல் பட்டுச் செத்தது பக்கத்துப் பங்கர் ஆள்."

அப்படியென்றால் ஏப்ரல் பதினெட்டு என்னடி என்று கேட்டேன்.

"அண்டைக்குத்தான் மண்டபம் வெறுமையாக் கிடந்தது. வருசத்தில ஒருநாளாவது வாய்விட்டு அழவேணும் எண்டு நானே வைச்சனான். நீயும் ஒண்டை வையன்."

என்னவாம் என்று யூலியா நிமிர்ந்து கேட்டாள். கட்லட் ஆறுகிறதாம், சாப்பிட வரட்டாம் என்றேன்.

கொறற்றி போய்த் தட்டோடு வந்தாள். யூலியாவுக்கு இரண்டு வைத்தாள், எனக்கு மூன்று வைத்தாள்.

இத்தனை வருடமும் நான் பட்டதெல்லாம் பொறாமையே இல்லை. இப்போதுதான் வயிறு பற்றி எரிந்தது. தன் மனுசனைத் தானே சாகவைத்து, படத்துக்கு மாலை போட்டு, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுகிற நெஞ்சு இவளுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு ஏன் வரவில்லை?

அடுத்த மாதம் எந்தச் சனிக்கிழமை மண்டபம் வெறுமை என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டு முடித்தால் ராசன் செத்துப்போவார்.

என்ன நேசம் என்றாள் கொறற்றி.

கட்லட்டுக்கு உப்புக் கொஞ்சம் காணாது என்றேன்.