கையெடுக்காத கும்பிடு

"கும்புடாத! கைய எடுத்தே, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்!"

தன் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த தனத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. வாயு லிங்கத்தின் வாசலில் நின்றுகொண்டு கும்பிடாதே என்று கத்துகிறவளை, கிரிவலப் பாதையில் அவள் இதுவரை பார்த்ததில்லை.

கத்தியவளுக்கு ஐம்பது வயதிருக்கும். பைக்கில் போய்க்கொண்டிருந்த பையனின் வலது கை கோயிலைக் கண்டதும் தானாக எழும்பியது. குரல் கேட்டதும் அடித்துப்பிடித்து ஹேண்டில்பாருக்குத் திரும்பியது.

அவன் வண்டியைத் திருப்பிவந்து கடை முன்னால் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றினால் முகமெல்லாம் வியர்வை.

"பழக்கதோஷங்க. வேணும்னு எடுக்கலீங்க."

"அந்தப் பழக்கத்த விடத்தானே வந்திருக்கோம்? சூரிய லிங்கத்துல எடுக்கல, வருண லிங்கத்துல எடுக்கல. இந்தச் சாமி மட்டும் என்னா, ஒசத்தியா?"

பையன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

தனத்துக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் மகன் வாயைத் திறந்தால், 'நீ சும்மா கெட, உனக்கு இன்னா தெரியும்' என்பான். இங்கே தோளுக்கு மேல் வளர்ந்தவன் 'ங்க' போட்டுப் பேசுகிறான். உட்கார் என்று சொல்லும்வரை உட்காரவுமில்லை. கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு டீ போடும்மா" என்று அந்த அம்மாள் பெஞ்சில் சாய்ந்தாள். பேச்சுக் கொடுத்ததில் பெயர் சரசு, கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் என்று தெரிந்தது. பையன் பெயர் விமல்ராஜ்.

"ஏங்க்கா, சாமி கும்புட்டா தப்பா?"

"எறங்கி நின்னு கும்புடட்டும், யாரு வேணாம்னா? ஓட்டிக்கினே கன்னத்துல போட்டுக்கறதுதான் தப்பு. கோயில் இல்லாத ரோட்டுல ஓட்டினா இவன் கை அடங்குமா? அதான் தடுக்கி விழுந்தா ஒரு லிங்கம் இருக்கற ரோடாப் பார்த்துக் கூட்டியாந்தேன்."

விமல்ராஜ் டம்ளரை எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் வண்டியருகே நின்றான். சரசு குரலைத் தணித்தாள்.

"நாலு மாசம் ஆவுது. எங்க ஊரு அம்மன் கோயில் திருப்பத்துல இப்படித்தான் கைய எடுத்திருக்கான். வண்டி ஓரத்துக்குப் போயி, நடந்து போன ஒரு பையன் மேல ஏறிடுச்சு."

"ஐயையோ! அப்புறம்?"

"இவனுக்கு ஹெல்மெட் இருந்துச்சு. முட்டி சிராய்ச்சதோட போச்சு. அந்தப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

சரசு டீயை ஊதினாள். ஆறிப்போன டீயை வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

"அன்னியிலேருந்து இவன் வண்டியத் தொடல. ஊர் ஊராப் போயி கோழித்தீவனம் ஆர்டர் எடுக்கிற வேலை, வண்டி இல்லாம முடியுமா? திங்கக்கெழம வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம். சோறு எறங்கல, யாருகிட்டயும் பேச்சு இல்ல. ஒண்ணு போனது போதாதா? இதுவும் மூலையில கெடந்து முடியணுமா?"

"பயத்துல வண்டிய மறுபடியும் எங்கியாவது விட்டுட்டான்னா?"

"பயம் இருக்கட்டும்மா. பயந்துகினே ஓட்டட்டும். ரோட்டுல எறங்கினா எது வேணா நடக்கும், அதெல்லாம் தெரிஞ்சிதான் எறங்கணும். ஆனா கை ரெண்டும் இவனுது. அதுக்கு இவன்தான் பொறுப்பு."

விமல்ராஜ் காலி டம்ளரை வைத்தான். "இன்னொரு ரவுண்டு போயிட்டு வரேங்க" என்றான், யாரும் சொல்லாமலே.

சரசு எழுந்து போய் அவன் மோவாய்க்குக் கீழே ஹெல்மெட் பட்டையை இழுத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அவள் விரல்கள் உடனே அங்கிருந்து வரவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

வண்டி அடி அண்ணாமலைப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. கோயில் நெருங்க நெருங்க சரசு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பையன் சந்நிதியைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு கையும் பிடித்தது பிடித்தபடி இருக்க, வண்டி நேர்கோடு போட்டதுபோல் அவர்களைக் கடந்து போயிற்று.

சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் அடங்காமல் கொட்டியது.

தனத்துக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இல்லை. கேட்கக்கூடாதென்று நினைத்தும் கேட்டுவிட்டாள்.

"தப்பா நெனைக்காதக்கா. உன் புள்ள உனக்குத் திரும்பக் கெடச்சிட்டான். அந்தப் பையனப் பெத்தவ, இவன் மறுபடி வண்டியில போறதப் பார்த்தா வயிறு எரியாதா?"

சரசு ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எரியத்தாம்மா எரியுது. அந்தப் பையனப் பெத்தவ நான்தான்."